நாலாவது படத்தில் ஒரு புள்ளி

அந்தக் கல் பூமியில் விழக்கூடும் என்று கணினி காட்டியபோது காலை பத்து மணி. நாரந்தனை வீட்டில் நான் தனியாக இருந்தேன். மனைவி இறந்துவிட்டாள்; பிள்ளைகள் கனடாவில்.

நான் ஓய்வுபெற்ற நில அளவையாளன். வெளிநாட்டு வானாய்வகம் ஒன்றுக்குப் பகுதிநேரமாக வேலை செய்தேன். ஒரே வானத்தை இடைவெளி விட்டு எடுத்த நான்கு படங்களை இணையத்தில் அனுப்புவார்கள். நட்சத்திரங்கள் அசையாது. விண்கல் இருந்தால் அந்தப் புள்ளி மட்டும் நகரும். அதன் இடத்தை அளந்து அனுப்ப வேண்டும்.

அன்று நான் அளந்த புள்ளியின் பாதை, வருகிற தை மாதத்தில் பூமியை முட்டியது. மற்ற ஆய்வகங்களுக்கு மேலே முகில்; அவர்களால் பார்த்துச் சரிபிடிக்க முடியவில்லை. உறுதியாகும்வரை வெளியே பேசக்கூடாது என்பது விதி.

மத்தியானம் பக்கத்து வீட்டு யேசுதாசன் வந்தான். கடல்தொழில் செய்பவன். மகளின் கலியாணத்துக்குத் தையில் நாள் குறித்துவிட்டதாகச் சொன்னான்.

“நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு செய்து தரவேணும், அண்ணை.”

ஓம் என்றேன். முகம் ஏன் வாடிக் கிடக்கிறது என்று கேட்டான். கண் நோகிறது என்று சமாளித்தேன்.

அவன் போனபின் படங்களை மறுபடி திறந்தேன். நாலாவது படத்தில் புள்ளி சற்றுத் தடித்திருந்தது. பழைய படங்களில் தேடினேன். அதே இடத்தில் மங்கலான நட்சத்திரம் ஒன்று இருந்தது. அதன் ஒளியும் கலந்ததால் என் அளவு விலகியிருக்கலாம். அந்தப் படத்தை விட்டுவிட்டுக் கணித்தால் கல் பூமியைத் தாண்டிப் போனது.

சந்தோசம் கொஞ்ச நேரந்தான். காணி அளந்த காலத்தில், எல்லைக் கல்லைத் தள்ளி நடச் சொல்லிக் கேட்டவர்கள் எத்தனையோ பேர். ஒருவருக்கும் நான் இணங்கியதில்லை. இப்போது என் மனமே அளவைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்கிறதோ என்று பயந்தேன். ஆய்வகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே ஒருவரும் எடுக்கவில்லை. கடைசியில் இரண்டு கணக்கையும் அனுப்பி, எது சரியென்று எனக்கு நிச்சயமில்லை என்றும் எழுதினேன்.

இரண்டு நாள் ஒழுங்கான நித்திரை இல்லை. மூன்றாம் நாள், முகில் விலகிய வேறோர் ஆய்வகம் அளந்தது. கல் விழாது என்று ஒரே வரியில் மின்னஞ்சல் வந்தது.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் விரும்பிய விடை கிடைத்தால், உங்கள் சந்தேகத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

யாரிடமாவது சொல்லவேண்டும் போலிருந்தது. யேசுதாசன் தன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான்.

“தையில ஒண்டும் நடக்காது, யேசு” என்றேன்.

அவன் கை நின்றது. “என்ன அண்ணை சொல்லுறீங்கள்? கலியாணம் நடக்காதோ?”

“கலியாணம் நடக்கும். வேற ஒண்டும் நடக்காது.”

விளங்காமலே சிரித்தான். தேத்தண்ணி போடச் சொல்லிக் குசினிப் பக்கம் குரல் கொடுத்தான். பொழுதுபடும்வரை அங்கேயே இருந்தேன்.