இடது பக்க இருக்கை

விமானம் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. பயணிகள் விமானக் கம்பெனியில் ஒருவர் சேர்ந்த தேதிதான் அவருக்கு எல்லாம். எப்போது கேப்டன் ஆவார், கம்பெனி நொடித்தால் யாரை முதலில் வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பதெல்லாம் அதை வைத்துத்தான். நடுவில் விலகிப்போய்த் திரும்பி வந்தால் கடைசியில்தான் நிற்க வேண்டும். நாசரேத்து ஜாய்சனுக்கு இது தெரியாத சங்கதியா? தெரிந்தேதான் விலகினார்.

ஆசை காட்டியவர் லிங்கராஜ் அண்ணாச்சி. தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குத் தொழில் தொடங்கி, சென்னையில் சொந்த விமானம் வாங்குமளவுக்கு வளர்ந்தவர். மாதம் தவறாமல் திருச்செந்தூருக்கு வருவார்.

"ஏலே, இன்னும் எத்தனை வருசம் துணை பைலட்டாவே கெடப்ப? என் விமானத்துக்கு நீதான் கேப்டன். நான் முருகனைக் கும்பிட்டுட்டு வார வரைக்கும் நீ வீட்டுல போய் மீன் கொழம்பு சாப்பிடு."

ஜாய்சனின் மனைவி ஜெபிஷாவுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "அங்கன ஒரு கம்பெனி இருக்கு. இங்கன ஒரு மனுசன்தான். அவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம கதி என்னங்க?"

ஜாய்சன் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் அவருக்கு உடம்பு கூசுகிறது.

பல வருஷம் ராஜ வாழ்க்கைதான். பிறகு அண்ணாச்சி படுத்த படுக்கையானார். பொறுப்பு மகன் மாரிராஜ் கைக்கு வந்தது.

"அண்ணே, நாளைக்கு ரெண்டு விருந்தாளி வாராவ. தூத்துக்குடி வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வாங்க. கொஞ்சம் நல்லா ஓட்டுங்க."

விருந்தாளி என்றால் நம் ஊர்க்காரர்களுக்குத் தலைகால் புரியாதே. ஜாய்சன் உப்பளத்தையும் துறைமுகத்தையும் மேலிருந்து காட்டினார். வாகைக்குளம் விமான நிலையத்தில் சக்கரம் தரை தொட்டதே தெரியாமல் இறக்கினார். ஜெபிஷாவை முதலூர் மஸ்கோத் அல்வா வாங்கிவரச் சொல்லி, தன் கையாலேயே எடுத்தும் கொடுத்தார்.

வந்தவர்கள் விமானத்தை விலைக்குக் கேட்டவர்கள். அல்வா தின்ற கையோடு விலையைப் பேசி முடித்துவிட்டார்கள். அவர்களிடம் ஏற்கெனவே சொந்த பைலட்டுகள் இருந்தார்கள்.

அதன்பிறகு ஜாய்சன் ஏறி இறங்காத அலுவலகம் இல்லை. கடைசியில் பழைய கம்பெனியே சேர்த்துக்கொண்டது, துணை பைலட்டாக. முதல் பயணம் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு. கேப்டன் சந்தனச்செல்வி, அந்தக் காலத்தில் ஜாய்சனுக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்தவள்.

பழக்கதோஷத்தில் ஜாய்சன் நேராகப் போய் இடது பக்கம் உட்கார்ந்துவிட்டார். அது கேப்டனின் இருக்கை. சந்தனச்செல்வி பையோடு வாசலில் நின்றாள். அவருக்குச் சுருக்கென்றது. எழுந்து வலது பக்கம் மாறினார். அவமானத்தைவிட, அந்த இடம் தன்னுடையதாக இருந்திருக்குமே என்ற ஏக்கம்தான் பெரிதாக இருந்தது.

உப்பளம் கண்ணில் பட்டதும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"நம்ம ஊருல்லா அண்ணே, நீங்களே எறக்குதீங்களா?"

"வேண்டாம் கேப்டன், நீங்களே எறக்குங்க. போன தடவை இங்கன நான் ரொம்ப நல்லா எறக்கிட்டேன்."