மூன்று பாகம் ஆழத்தில் என் கேமரா

காலை 6.10. மதுரை மாட்டுத்தாவணியில் தூத்துக்குடிப் பேருந்து கிளம்பியபோது என் மடியில் கேமரா இல்லை. இருபது ஆண்டுகளாக ஒரு மாத இதழுக்குப் பயணக் கட்டுரை எழுதி வருகிறேன். கேமரா இல்லாமல் பஸ் ஏறியது அன்றுதான். கட்டணம் ஆளுக்கு நூற்று முப்பத்தைந்து ரூபாய். ஜன்னலோர இருக்கையில் என் மனைவி கிரேஸ். நாசரேத்தில் பிறந்தவள், முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள்.

கேமரா இல்லாததற்குக் காரணம் என் வலது கை. கழுத்தில் நரம்பு நசுங்கி, போன வருடம் அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். வலி போய்விட்டது. ஆனால் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்தது மரத்தபடியே நின்றுவிட்டன. ஒரு பொருளைப் பிடித்திருக்கிறேனா, விட்டுவிட்டேனா என்பது அது தரையில் விழும் சத்தத்தில்தான் எனக்குத் தெரியும். அப்படி இரண்டு கேமராவும் ஒரு போனும் போயின. ஒன்று கழுகுமலைப் படிக்கட்டில். இன்னொன்று எங்கள் வீட்டு வாசலில், லென்ஸ் வெளியே நீண்டிருந்த நேரம் பார்த்து, குப்புற. இதழ் ஆசிரியரிடம் கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். கை விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை.

“கீழ விழுந்தாலும் உடையாத கேமரான்னு ஒண்ணு இருக்காம்லா. அதப் பாத்துட்டு அப்புறமா ஓய்வெடுங்க” என்றாள் கிரேஸ்.

மதுரைக் கடைகளில் கேட்டால் ஆர்டர் போட்டுத்தான் வரவழைக்க வேண்டும் என்றார்கள். கையில் பிடித்துப் பார்க்காமல் வாங்க எனக்கு மனம் வரவில்லை. தூத்துக்குடியில் ஒரு கடையில் அந்த மாதிரி கேமராக்கள் எப்போதும் இருக்கும் என்று கிரேஸின் தோழி ஒருத்தி சொல்லியிருந்தாள். அதனால்தான் இந்தப் பயணம்.

காலை 9.25. புதிய பேருந்து நிலையத்தில் இறங்கி, ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்து, டபிள்யூ.ஜி.சி. ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் அந்தக் கடையைக் கண்டுபிடித்தோம். கட்டில் அகலம்தான் இருக்கும். உள்ளே காதர் பாய் இருந்தார். காயல்பட்டினத்துக்காரர், பதினெட்டு வருடம் துபாயில் கேமராக் கடையில் நின்றுவிட்டு ஊர் திரும்பியவர்.

“இந்தச் சாமானை இங்க யாரு பாய் வாங்குதா?” என்று கிரேஸ் கேட்டாள்.

“ஹார்பர்ல சர்வேயர்மாரு இருக்காங்கல்லா, அவங்கதான். கண்டெய்னர் மேல ஏறி போட்டோ எடுப்பாங்க. எடுக்கும்போது போன் நழுவிரும். வாரத்துக்கு ஒரு போனா வாங்க முடியும்?”

மூன்று கேமராக்களைக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். முதலாவதில் படம் மிக நன்றாக இருந்தது. ஆனால் பொத்தானை அமுக்கியதும் லென்ஸ் ஆமைத் தலைபோல வெளியே நீண்டது. எங்கள் வீட்டு வாசல் ஞாபகம் வந்தது, தள்ளி வைத்துவிட்டேன். இரண்டாவது இரும்புக் குண்டு மாதிரி இருந்தது. அதற்கு ஒன்றும் ஆகாது, என் கால்விரல்தான் நசுங்கும். மூன்றாவது கையடக்கமானது, கால் கிலோ எடை. லென்ஸ் உள்ளுக்குள்ளேயே நகரும், வெளியே வராது. நான்கு மூலையிலும் ரப்பர். பேட்டரிக் கதவுக்கு இரண்டு பூட்டு. ஏழடி உயரத்திலிருந்து விழலாம், பதினைந்து மீட்டர் தண்ணீருக்குள் போகலாம் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருந்தது.

“பெட்டியில எல்லாரும்தான் போடுதாங்க” என்றாள் கிரேஸ்.

காதர் பாய் அந்த மூன்றாவதைக் கையில் எடுத்தார். கேமராவைத் தலைக்குமேல் தூக்கி, கையை விட்டார். மொசைக் தரையில் ‘டக்’கென்று விழுந்து, துள்ளி, கிரேஸின் செருப்பருகே போய் நின்றது. அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். பாய் குனிந்து எடுத்து, எட்டிப் பார்த்தவரையே ஒரு படம் எடுத்து எங்களிடம் காட்டினார். பயந்த முகம், அத்தனை தெளிவாக.

கிரேஸ் அதோடு விடவில்லை. “நீங்க கண்ண மூடிட்டு வலது கையால பிடிங்க. நான் எண்ணுதேன்” என்றாள். கனமானது ஒன்பதில் விழப் பார்த்தது. லென்ஸ் நீள்வது பதினான்கில். மூன்றாவதைப் பிடித்தபோது அதன் முன்பக்க ரப்பர் மேடு மரத்துப்போகாத இரண்டு விரல்களுக்குள் வசமாக உட்கார்ந்துகொண்டது. அறுபது வரை எண்ணிவிட்டு அவளே நிறுத்தினாள்.

பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய். மேற்கொண்டு, தண்ணீரில் மிதக்கிற, தடித்த ஆரஞ்சு நிற மணிக்கட்டுப் பட்டை ஒன்றையும் கேமராவில் கோத்துப் பாய் இலவசமாகக் கொடுத்தார். “இதைக் கழத்தவே கூடாது, சார். கேமரா விழுந்தா பிழைக்கும். ஆனா கடல்ல விழுந்தா மிதக்காது.” புன்னைக்காயலில் கடலுக்குள் மூழ்கிச் சங்கு குளிக்கும் மிக்கேலுக்கு அவரே போன் செய்து, மறுநாள் படமெடுக்க எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போகவும் ஏற்பாடு செய்தார்.

மாலை 4.30. திருச்செந்தூர் சாலையில், முள்ளக்காடு உப்பளங்களில் புதுக் கேமராவைப் பழகிக்கொண்டிருந்தேன். வரப்பின்மேல் உப்புக் குவியல்கள் வெயிலில் கண்ணைப் பறித்தன. ஆறாவது படத்துக்கே கேமரா கையைவிட்டுப் போய், உப்புத் தண்ணீரில் விழுந்து, மணிக்கட்டில் மாட்டாமல் விட்டிருந்த பட்டையின் தயவில் மிதந்தது. குடிதண்ணீர் பாட்டிலைத் திறந்து கழுவினேன். வேலை செய்தது. ஒரு வருடத்தில் முதல் தடவையாக, கீழே விழுந்த பொருளைப் பார்த்துச் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் திமிரும் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை 5.40. பஸ்ஸில் ஆத்தூர் வரை, அங்கிருந்து ஏழெட்டு கிலோமீட்டர் ஆட்டோவில் புன்னைக்காயல். தாமிரபரணி கடலில் கலக்கும் இடம். கரையில் மிக்கேல் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது, அகன்ற தோள். நான் கைகூப்பி வணக்கம் சொன்னேன். அவர் கயிற்றைச் சுருட்டியபடி வேறெங்கோ பார்த்தார். எத்தனை வருடமாகச் சங்கு குளிக்கிறீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. படகோட்டி லூர்து, மிக்கேலின் மச்சினன், சிரித்த முகம். அவர்தான் எங்களை வள்ளத்தில் ஏற்றி உட்கார வைத்தார். “கோபக்காரர் போல” என்று கிரேஸ் என் காதில் சொன்னாள்.

காலை 7.15. முகத்துவாரத்தைத் தாண்டினோம். பின்னால் கரையும் கோயில் கோபுரமும், முன்னால் காலைச் சூரியன். தடித்த பட்டை விரல்களுக்குக் குறுக்கே வந்து தொந்தரவு செய்தது. ஒரே ஒரு படத்துக்காகத்தானே என்று அதைக் கேமராவிலிருந்து கழற்றி மடியில் வைத்தேன். ஆற்று நீரும் கடலும் முட்டும் இடத்தில் அலை ஒன்று வள்ளத்தைத் தூக்கிப் போட்டது. என் கை வெறுமையாக இருந்தது. தண்ணீரில் விழுந்த சத்தம்கூட மோட்டார் இரைச்சலில் கேட்கவில்லை.

“ஐயோ, கேமரா!” என்று கிரேஸ் கத்தினாள்.

லூர்து மோட்டாரை அணைத்து நங்கூரத்தை இறக்கினார். மிக்கேல் எழுந்து கரையைப் பார்த்தார். கோபுரமும் ஒரு செல்போன் டவரும் எந்த நேரில் நிற்கின்றன என்று குறித்துக்கொண்டார்.

“எவ்வளவு ஆழம்?” என்று லூர்துவைக் கேட்டேன்.

“மூணு பாகம் இருக்கும், அண்ணாச்சி.” இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். “இதுதான் ஒரு பாகம். ஆழம் பெருசில்ல. ஆத்துக் கலங்கல்தான், கண்ணு தெரியாது.”

மிக்கேல் குதித்தார். ஒரு நிமிடம் கழித்து வெறுங்கையோடு மேலே வந்தார். மறுபடி போனார். வந்தார். உதடு வெளுத்திருந்தது, மூச்சு இரைத்தது.

“போதும்! விட்டுருங்க! போனா போகுது!” என்று கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் மூன்றாவது முறை உள்ளே போனார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம். ஒன்றேகால். குமிழிகூட வரவில்லை. ஒன்றரை. அதுவரை உட்கார்ந்திருந்த லூர்து எழுந்து சட்டையைக் கழற்ற ஆரம்பித்தார்.  பத்தொன்பதாயிரம் ரூபாய்ச் சாமானுக்காக, நான் அலட்சியமாகக் கழற்றிய ஒரு பட்டைக்காக, ஒரு மனிதன் கீழே இருக்கிறான். கிரேஸ் கண்களை மூடி, “கர்த்தரே, கர்த்தரே” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“ஏலே லூர்து! அங்கன என்னத்தப் பாக்க? இங்கன பாரு!”

குரல் எங்களுக்குப் பின்னாலிருந்து வந்தது. முப்பதடி தள்ளி மிக்கேலின் தலை. ஆற்று நீரோட்டம் அவரை அடியிலேயே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. நாங்கள் எல்லோரும் வள்ளத்தின் இந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். உயர்த்திய கையில், சேறு பூசிய என் கேமரா.

லூர்துவும் நானும் அவரை வள்ளத்தில் ஏற்றினோம். கேமராவை நான் வாங்கவே இல்லை, கிரேஸ்தான் வாங்கினாள். லூர்து கழற்றிய சட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு, “பயங்காட்டிட்டீரே, அத்தான்” என்றார்.

“நான் போதும்னு சொன்னேனே! கேட்டிருக்கக் கூடாதா?” என்று மிக்கேலிடம் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்து, சங்கடத்தோடு தன் வலது காதைத் தொட்டார். “இந்தக் காது கேக்காது, அண்ணாச்சி. குளிச்சுக் குளிச்சு அடைச்சுப் போச்சு. பேசணும்னா இந்தப் பக்கம் வாங்க.”

காலையிலிருந்து அவருடைய வலப்பக்கத்தில் நின்றுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். இடப்பக்கம் போய் உட்கார்ந்தேன். என் வலது கையை நீட்டினேன். “எனக்கு இந்த மூணு விரலும் மரத்துப்போச்சு. பிடிச்சிருக்கேனான்னே தெரியாது. அதான் விட்டுட்டேன்” என்றேன். கிரேஸையும் டாக்டரையும் தவிர வேறொருவரிடம் நான் அதைச் சொன்னது அதுதான் முதல் முறை. மிக்கேல் என் கட்டைவிரலை நன்றாக அமுக்கிப் பார்த்தார்.

“தெரியுதா?”

“இல்ல.”

“அப்பம் பட்டைய இடது கையில கட்டிக்கிட வேண்டியதுதானே?”

ஒரு வருடமாக எனக்குத் தோன்றாத யோசனை.

கிரேஸ் சேற்றைக் கழுவிவிட்டுப் பொத்தானை அமுக்கினாள். திரை ஒளிர்ந்தது. படங்களைப் பின்னோக்கித் தள்ளினாள். முதல் படத்திலிருந்து காதர் பாயின் எதிர்க்கடைக்காரர் பயந்த முகத்தோடு எங்களைப் பார்த்தார். நான்கு பேரும் சிரித்ததில் வள்ளம் ஆடியது.

மிக்கேல் பணம் எதுவும் வேண்டாம் என்றார். பத்து வயதிலிருந்து தண்ணீருக்குள் போகிறாராம். உள்ளே எப்படி இருப்பார் என்று அவரே பார்த்ததில்லை. “அது தண்ணிக்குள்ள படம் எடுக்குமாமே?” என்றார். லூர்து வள்ளத்தைத் தெளிந்த நீருக்குக் கொண்டுபோனார். நான் பட்டையை இடது மணிக்கட்டில் இறுக்கிக் கட்டி, விளிம்பில் கவிழ்ந்து படுத்து, தோள்வரை அந்தக் கையைக் கடலுக்குள் விட்டேன். கிரேஸ் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மிக்கேல் என் கைக்கு நேர் கீழே, கால்களைச் சேர்த்து, பச்சை வெளிச்சத்துக்குள் இறங்கினார். இருபத்துமூன்று படங்கள். நான்கு தேறின.

மிக்கேல் மேலே ஏறி வந்து திரையைப் பார்த்தார். “நானா இது?” என்றார். பிறகு லூர்துவிடம், “தொப்பை வந்துட்டுலா, மச்சான்” என்றார்.

மதியம் 2.30. தூத்துக்குடியில் அரைக் கிலோ முந்திரி மக்ரூன் வாங்கிக்கொண்டு மதுரை பஸ்ஸில் ஏறினோம். எட்டயபுரம் தாண்டும்போது ஆசிரியருக்குப் போன் செய்தேன். என் கையைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். அவர், “சரி சார், படங்களை எப்போ அனுப்புவீங்க?” என்று கேட்டார்.

எங்கள் மதுரை வீட்டில் ஒரு வருடமாக ஒரு வழக்கம். என் கையிலிருந்து எது விழுந்தாலும் கிரேஸ் செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வருவாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இருவரும் பேசாமல் பொறுக்குவோம். ஊர் திரும்பிய மூன்றாம் நாள் மாலை, மேசையருகே நின்று மிக்கேலுக்கு அனுப்ப வேண்டிய படத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, பெரிய சத்தத்தோடு ஒன்று கீழே விழுந்தது.

“என்னது?” அடுக்களையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

“கேமரா.”

“சரி. காபி ஆறுது, வாங்க.”