டீசல் டேங்கில் தண்ணீர், வாயில் வராத ஜெபம்

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, இரண்டு செத்துப்போன என் தங்கை விட்டுப் போனது. வீட்டுக்காரர் கடலோடு போன பிறகு எங்கள் தீவின் ஜங்லிகாட்டுச் சந்தையில் மீன் விற்றுத்தான் அத்தனை பேரையும் ஆளாக்கினேன். உதவி என்று ஒருவர் வாசலிலும் போய் நின்றதில்லை. கூடையைத் தலைக்கு ஏற்றிவிடக்கூட ஆள் கூப்பிட மாட்டேன். மதில் மேல் வைத்து நானே ஏற்றிக்கொள்வேன். அப்படிப்பட்டவளை ஆண்டவர் ஒரு நாள் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்பதைத்தான் சொல்லப்போகிறேன், சகோதர சகோதரிகளே.

அன்றைக்குக் குருத்து ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை.

கோடை வந்தால் எங்கள் பக்கம் குழாயில் தண்ணீர் வருவதே பெரிது. வருகிற அன்று வீட்டில் குடம், வாளி, கேன் எதையும் காலியாக விடமாட்டோம். என் மூத்தவன் ஆரோக்கியம் படகுக்கும் மீன் ஏற்றும் சின்ன லாரிக்கும் சேர்த்து டீசலைக் கேனில் வாங்கி வைப்பான். முந்தின நாள் தண்ணீர் வந்தபோது அவன் பெண்சாதி செல்வி, காலியாகக் கிடந்த டீசல் கேன் ஒன்றைக் கழுவி, கக்கூசுக்கு ஆகும் என்று நிரப்பி, மற்ற டீசல் கேன்களோடு அதே இடத்தில் வைத்துவிட்டாள். எவ்வளவு கழுவினாலும் அந்தக் கேனில் டீசல் வாடைதான் அடிக்கும். காலையில் இவன் அவசரத்தில் அதைத் தூக்கி, புனல் வைத்து, லாரி டேங்கில் கவிழ்த்துவிட்டான். இது அப்போது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

அக்கரையில் பாம்பூஃப்ளாட்டில் கட்டிக்கொடுத்த என் மகளுக்குக் காய்ச்சல். அவளைப் பார்க்க நானும் லாரியில் ஏறிக்கொண்டேன். பின்னால் ஐஸ் போட்ட மீன் பெட்டிகள். ஃபெரி ஏறுகிற சாத்தம் துறைக்குப் போய்ச் சேருமுன்னே வண்டி விக்கி விக்கி ஓட ஆரம்பித்தது.

"என்னல, வண்டி இப்படி விக்குது?"

"சும்மா வாம்மா. காலங்காத்தால எஞ்சினுக்கும் சோம்பல்தான், உன் சின்ன மவனப் போல."

சிரித்துக்கொண்டேதான் ஃபெரியில் ஏறினோம். லாரி, ஆட்டோ, ஸ்கூட்டர் எல்லாவற்றையும் அக்கரைக்குக் கொண்டுபோகிற ஃபெரி அது. கடலில் போகும்போது லாரி நகராமல் இருக்க, டயருக்குப் பின்னால் மரக்கட்டை வைப்பார்கள்.

அக்கரை சேர்ந்தபோது கடல் வற்றிக் கிடந்தது. அதனால் கரைக்கு ஏறுகிற இரும்புப் பலகை செங்குத்தாக நின்றது. ஃபெரியில் வேலை பார்க்கும் வங்காளிப் பெரியவர் கட்டையை எடுத்துவிட்டு, "சலோ சலோ! காடி நிகாலோ!" என்று வண்டியை எடுக்கச் சொல்லி விரட்டினார். ஆரோக்கியம் வண்டியைக் கிளப்பினான். முன்சக்கரம் பலகையில் ஏறியது. பின்சக்கரமும் ஏறியது. அங்கேயே எஞ்சின் செத்தது.

திரும்பக் கிளப்பப் பார்த்தான். வண்டி பின்னால் உருள ஆரம்பித்தது.

"அம்மா, எஞ்சின் நின்னதுல பிரேக்கு கல்லாட்டம் இறுகிட்டு! பிடிக்க மாட்டேங்குது!"

கை பிரேக்கையும் இழுத்தான். ஈர இரும்பில் டயர் வழுக்கியது. எனக்குப் பக்கத்திலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். எங்களுக்கு நேர் பின்னால் ஒரு ஸ்கூட்டர். அதில் ஒரு பெண். முன்னால் ஒரு சின்னப் பிள்ளை நின்றுகொண்டிருந்தது. அவள் குனிந்து பிள்ளையின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஆட்டோ, அதற்குப் பின்னால் இன்னொன்று. அவள் நகர இடமே இல்லை. கண்ணாடியில் அந்தப் பிள்ளை பெரிதாகிக்கொண்டே வந்தது.

விவரம் தெரிந்த நாளிலிருந்து ஜெபமாலை சொல்கிற வாய் இது. அன்றைக்கு "அருள் நிறைந்த" என்ற இரண்டு சொல்கூட வரவில்லை. மாதாவே, அந்தப் பிள்ளை, மாதாவே, அந்தப் பிள்ளை என்று நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டது. அப்புறம் என்ன நடந்தது என்று எனக்கே தெரியவில்லை. தலையை வெளியே நீட்டி நான் கத்தினேன்.

"பகடோ! காடி பகடோ! கோயி பச்சாவோ!"

வண்டியைப் பிடியுங்கள், யாராவது காப்பாற்றுங்கள் என்று. ஹிந்தியில்! சந்தையில் மீன் விலை பேசத்தான் எனக்கு அந்தப் பாஷை. மாதாவிடம் கேட்டதற்கு இந்தச் சொல்தான் வாயில் வந்தது. தமிழில் கத்தியிருந்தால் அங்கே எத்தனை பேருக்குப் புரிந்திருக்கும்?

அந்தப் பெண் நிமிர்ந்தாள். ஆட்டோவிலிருந்து தொப்பி போட்ட ஒரு பாய் குதித்து, பிள்ளையைக் கோழிக்குஞ்சைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டார். யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஸ்கூட்டர் விழுந்தது. தெலுங்கர், வங்காளி, நம்மவர் என்று அங்கே நின்ற ஆம்பிளைகள் எல்லாம் ஓடிவந்து லாரிக்குத் தோள் கொடுத்தார்கள். "ஜோர் லகாவோ! அவுர் ஜோர்!" இன்னும் பலமாகத் தள்ளு என்று சத்தம். வங்காளிப் பெரியவர் கட்டையைப் போட்டார். டயர் அதையும் கிறீச்சென்று தள்ளிக்கொண்டு வந்தது. அவர் இன்னொன்றைப் போட்டு, அதன்மேல் ஏறி நின்றார்.

வண்டி நின்றது.

விழுந்து கிடந்த ஸ்கூட்டருக்கும் லாரிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. நான் இறங்கிப் போனதும் அந்தப் பெண் பிள்ளையை இறுக்கிக்கொண்டு, "பாகல் ஹோ க்யா தும் லோக்?" உங்களுக்கெல்லாம் பைத்தியமா என்று கிழிகிழி என்று கிழித்தாள். என்னை இந்த ஊரில் யாரும் அப்படித் திட்டியதில்லை, திட்ட விட்டதுமில்லை. அன்று கையைக் கட்டிக்கொண்டு நின்று முழுவதையும் கேட்டேன். திட்டுவதற்கு அவள் இருக்கிறாளே, அவள் இடுப்பில் பிள்ளை இருக்கிறதே, அது போதும் எனக்கு.

கயிறு கட்டி லாரியைக் கரைக்கு இழுத்தார்கள். வந்த மெக்கானிக் டேங்கை அடியில் திறந்துவிட்டுச் சிரித்தான். "மாஜி, இதுல டீசல் எங்க? பானி! முழுக்கத் தண்ணி!"

ஆரோக்கியத்துக்கு உடனே விளங்கிவிட்டது. போனை எடுத்து செல்வியை வாயில் வந்தபடி ஏசினான். நான் பிடுங்கிக்கொண்டேன்.

"அத்த, நான் செத்துப்போறேன் அத்த..."

"ஏட்டி, நீ எதுக்குச் சாவணும்? ஊத்துனவன் கேன் மூடியத் திறந்து பாத்தானா? சாவ இருந்தவங்களையே மாதா சாவ விடல. அடுப்பப் பத்த வச்சுச் சோறு பொங்கு, வாரோம்."

இப்போது எங்கள் வீட்டில் டீசல் கேன்கள் பின்கட்டில் தனியாகப் பூட்டிக் கிடக்கின்றன. நானும் கொஞ்சம் மாறியிருக்கிறேன். அந்த வங்காளிப் பெரியவரைத் தேடிப் போய், இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். முழங்கால் வலி அதிகமானால் அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுகிறேன். ஓடிவருகிறார்கள். இத்தனை வருடம் இவர்கள் இங்கேதான் இருந்திருக்கிறார்கள்.

இதைக் கேட்கிறவர்களே, உங்களுக்கும் ஜெபம் வாயில் வராத நேரம் ஒன்று வரும். பயப்படாதீர்கள். வருகிற சொல்லைக் கத்துங்கள். மாதாவுக்கு எல்லாப் பாஷையும் தெரியும். உதவி அனுப்ப அவள் மகனுக்கு மனுஷர் கைகள் ஏராளம். அவருக்கே எல்லாத் துதியும்.

ரீட்டா மக்கா, எழுதினது போதும். மொதல்ல இருந்து வாசி, உன் பாட்டி கேக்கட்டும். மெதுவா வாசி. வண்டி பின்னால உருளுற இடம் வந்தா மட்டும் நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். வண்டி நின்னதும் கூப்பிடு.