முதுகில் படாத கை

அந்த அண்ணை பெண்களை நடனத்துக்கு அழைக்கும் விதம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது. மற்ற ஆண்கள் கையை நீட்டுவார்கள். அவர் சப்பாத்துக் கால்கள் இரண்டையும் ஒட்டவைத்து நின்று கைகூப்புவார். ஜெர்மனியில், ஹம்பேர்க்கில் ஞாயிறு பின்னேரம் நடக்கும் ஜோடி நடன வகுப்பில், வால்ஸ் இசை ஓடிக்கொண்டிருக்கும்போது, ஒரு மனிதர் கோயில் வாசலில் நிற்பதுபோலக் கும்பிட்டுக்கொண்டு நின்றால் எனக்கு எப்படி இருந்திருக்கும்! மானம் போகிறதே என்று தண்ணீர்க் கிளாஸுக்குள் முகத்தை ஒளித்துக்கொள்வேன். அந்த வகுப்பில் தமிழர் நாங்கள் இருவர்தான்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும். ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை. மகள் ஒரு ஜெர்மன்காரரைக் கட்டவிருந்தாள்; கலியாண மண்டபத்தில் அப்பாவும் மகளும் ஆடித்தான் கொண்டாட்டத்தைத் தொடக்க வேண்டுமாம். அதற்கு நான்கு மாதம் இருந்தது. "பிள்ளை இதுவரைக்கும் என்னட்டை ஒண்டும் கேட்டதில்லை, தங்கச்சி. இதைத்தான் கேட்டவள்" என்று வந்த அன்றே என்னிடம் சொன்னார். ஒண்டு, ரெண்டு, மூண்டு என்று வாய்க்குள் எண்ணியபடி ஆடுவார். காலடிகளை எங்கள் எல்லோரையும் விடச் சீக்கிரம் பிடித்துக்கொண்டார். பொறாமைப்பட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிரச்சினை கையில்தான் இருந்தது. வால்ஸில் ஆணின் வலது கை பெண்ணின் முதுகில், தோள்பட்டைக்குக் கீழே, நன்றாகப் படிந்திருக்க வேண்டும். எந்தப் பக்கம் திரும்புவது என்று அவளுக்குச் சொல்வது அந்தக் கைதான். அண்ணையின் கையோ இரண்டு விரல் இடைவெளி விட்டு அந்தரத்தில் நிற்கும். முகத்தையும் பார்க்கமாட்டார். அவள் தோளுக்கு மேலால் சுவரைப் பார்ப்பார். பிறத்தியார் வீட்டுப் பெண்ணிடம் காட்டும் மரியாதை அது என்று எங்கள் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தப் பெண்களுக்கு அது எப்படித் தெரியும்? தங்களைத் தொட அவருக்கு அருவருப்பு என்றே நினைத்தார்கள். ஒருத்தி ஆசிரியையிடம் போய் அப்படியே சொல்லியும்விட்டாள்.

இடைவேளையில் ஆசிரியை என்னைத் தனியே கூப்பிட்டார். நீங்கள் இருவரும் ஒரே நாடுதானே, இவர் பெண்களை மட்டமாக நினைக்கிறவரா, அல்லது சமயக் காரணமா என்று விசாரித்தார். அது மரியாதை என்ற ஒரு வசனம் போதுமாயிருந்தது. ஆனால் எட்டு வயதில் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து, 'நீங்கள் எப்படி, உங்கள் ஆட்கள் எப்படி' என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே நான் அலுத்துப்போயிருந்தேன். அந்த நடன வகுப்பில் மட்டும்தான் அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதை இழக்க மனம் வரவில்லை. அவரை எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்றேன். அப்படியென்றால் விஷயத்தையாவது அவருடைய மொழியில் சொல்லிவிடுங்கள் என்றார். அதற்குத் தலையாட்டினேன்.

கோட்டுகள் தொங்கும் மூலையில் வைத்துச் சொன்னேன். பெண்களுக்கு உங்களோடு ஆட விருப்பமில்லையாம், நீங்கள் அவர்களை அவமதிப்பதுபோல இருக்கிறதாம் என்று, தபால்காரி கடிதம் போடுவதுபோலச் சொல்லி முடித்தேன்.

"நான் மரியாதையாத்தானே நிண்டனான்" என்றார். "உங்களுக்கும் அப்பிடித்தான் பட்டுதோ, தங்கச்சி?"

"ஓம்" என்றேன்.

பச்சைப் பொய். என்னோடும் அவர் பலமுறை ஆடியிருக்கிறார். ஒருநாளும் எனக்கு அப்படிப் பட்டதில்லை. ஏன் சொன்னேன்? அவர்கள் பக்கம் நிற்கத்தான் சொன்னேன், வேறென்ன. "அப்ப மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்றவர், நடனச் சப்பாத்தைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கினார். அதன் பிறகு வரவேயில்லை.

அந்தக் கலியாணத்துக்குப் போய்வந்த ஓர் அக்காவை, பிரதான ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் ஆட்களின் கடையில் பிறகு சந்தித்தேன். பொம்பிளையான மகளோடு மாப்பிள்ளையின் தகப்பன்தான் ஆடினாராம். அண்ணை முழங்கால் வலி என்று கதிரையில் உட்கார்ந்துவிட்டாராம். பாட்டு முடியும்வரை கைதட்டிக்கொண்டே இருந்தாராம். அந்த அக்கா இதைச் சிரித்துக்கொண்டு சொன்னார். வாங்க வந்ததை அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்தேன்.

இப்போது அதே வகுப்பில் புதியவர்களை வரவேற்பது என் வேலை. போன மாதம் எரித்திரியாவிலிருந்து வந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவர் சேர்ந்தார். அவருடைய கையும் முதுகில் படவில்லை. அவரோடு ஆடிய பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அது மரியாதையாக இருக்கலாம், கையை வைக்கலாம் என்று நீயே சொல்லிப் பார் என்றேன். இவ்வளவுதானா என்று திரும்பிப் போனவள், அவர் கையை எடுத்துத் தன் முதுகில் தானே வைத்தாள். அந்த மனிதர் கூச்சத்தோடு சிரித்தார். இருவரும் சுற்ற ஆரம்பித்தார்கள்.

பாட்டு முடிந்ததும் அவள் என்னைத் தேடி வந்தாள். "நல்லவேளை, நீ இங்கே இருந்தாய்" என்றாள்.

அன்றைக்கும் நான் அங்கேதான் இருந்தேன்.