சாமிக்கு வைத்த மூன்றாவது பீர்

வீட்டில் நான் செய்து பார்க்கும் பீருக்கென்று ஒரு பள்ளிக்கூட நோட்டு வைத்திருக்கிறேன். முதல் தடவை போட்டது பழைய கள்ளைப் போலப் புளித்துப்போனது. இரண்டாவதில் நுரையே இல்லை. "கஷாயம் மாதிரி இருக்குலா," என்று என் மனைவி கிளாஸைச் சிங்க்கில் கவிழ்த்தாள். இரண்டுக்கும் பக்கம் பக்கமாகக் குறிப்பு எழுதியிருக்கிறேன். மூன்றாவதுக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கிறது.

மூன்றாவதில் முதல் போத்தலை முனியாண்டி சாமிக்கு என்று எடுத்துவைத்தேன். பத்து காஜா ஊர்ப் பக்கம் என் அப்பா ரப்பர் மரம் சீவிய தோட்டம் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. முனியாண்டி கோயில் மட்டும் பாக்கி. எல்லாரும் கடையில் பீர் வாங்கிச் சுருட்டோடு வைப்பார்கள். நான் என் கையால் செய்ததை வைக்க வேண்டுமாம். கொழுப்பு, வேறென்ன?

போத்தலை மூடுவதற்கு முன் கொஞ்சம் சீனி போட வேண்டும். உள்ளே இருக்கும் ஈஸ்ட் அதைத் தின்றுதான் கேஸ் உண்டாகும். ருசிக்காக நான் சீனிக்குப் பதில் குலா மெலாக்கா என்கிற தென்னை வெல்லத்தைத் தாராளமாகப் போட்டிருந்தேன். எப்போதும் ஒரு வாரம் கழித்து ஒன்றைத் திறந்து குடித்துப் பார்ப்பேன். கேஸ் அதிகமாக இருந்தால் எல்லாவற்றையும் திறந்து விட்டு மறுபடி மூடிவிடலாம். இந்தத் தடவை ஒன்றைக்கூடத் திறக்கவில்லை. சாமிக்குப் படைக்கும் முன்னால் நாம் வாய் வைக்கலாமா?

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆளில்லாத கோயிலில், சாமி காலடியில் போத்தலை வைத்துக் கும்பிட்டுவிட்டு ஈப்போ வீட்டுக்குத் திரும்பினேன். நாலரை மணிக்குத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது மாடிப்படிக்குக் கீழே டமார் என்று ஒரு சத்தம். மிச்சப் போத்தல்களில் ஒன்று வெடித்திருந்தது. எதிரே இருந்த பலகைக் கதவில் ஒரு கண்ணாடித் துண்டு குத்தி நின்றது. அதைப் பார்த்ததும் எனக்குக் கோயில் ஞாபகம் வந்தது. தகரக் கூரை, பகல் முழுக்க வெயில். ஐந்து மணிக்குப் பூசாரி அண்ணன் வருவார். விளக்குப் போடக் குனிந்தால் அவர் முகம் அந்தப் போத்தலுக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கும்.

அவருக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. கோயிலுக்குப் போகும்போது ஃபோனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிற மனிதர்.

"அது சாமிக்கு வச்சதுலா, ஒன்னும் ஆவாது," என்றாள் மனைவி.

"சாமிக்கு வச்சதுன்னு போத்தலுக்குத் தெரியுமா?" என்று கத்திவிட்டுக் காரை எடுத்தேன்.

வழியெல்லாம் அவருடைய கண்ணைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை. ஸ்டியரிங் கையில் வழுக்கியது. முனியாண்டி, அவர் கண்ணைக் காப்பாத்து என்று ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் வேண்டினேன். அந்தச் சாமி காலடியிலேயே குண்டு வைத்துவிட்டு வந்தவன் நான்.

பூசாரி அண்ணன் கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் அழுத்திப் பிடித்திருந்த துண்டு சிவந்திருந்தது. ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"அண்ணே, கண்ணு?"

"கண்ணு தெரியுது, தம்பி. சாமிக்குத்தான் எம்மேல கோவம். காய்ச்சல்னு மூனு வாரமா வெளக்கு போடல. இன்னிக்குக் குனிஞ்சேன், மூஞ்சியிலேயே அடிச்சிட்டாரு."

அவர் உடம்பெல்லாம் நடுங்கியது. காயத்தால் வந்த நடுக்கம் இல்லை அது. சும்மா இருந்தால் பழி சாமியோடு போய்விடும் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

"சாமி இல்லண்ணே. என் பீரு. சீனி கூடிப்போச்சு. வீட்லயும் ஒன்னு வெடிச்சிருச்சு."

திட்டுவார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப சாமிக்குக் கோவம் இல்லியா?"

"இல்லண்ணே."

துண்டை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அவர் அழுதார். கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். புருவத்தை ஒட்டி நாலு தையல் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். அந்த ஒரு வரியை எழுதினேன்: "மூன்றாவது. கண்ணுக்கு ஒரு விரல் மேலே."