நீதிபதிக்குக் கொடுத்த பயற்றம் பணியாரம்

1. லிஃப்ட் நின்ற காலை

நீதிபதிகளுக்கான லிஃப்ட் அன்று வேலை செய்யவில்லை. நான் வேலை செய்த இங்கிலீஷ் கிரவுண் கோர்ட்டில் அவர்களுக்குத் தனிக் கதவு, தனி லிஃப்ட், தனி நடைபாதை. வழக்குக்கு வந்த சனத்தோடு அவர்கள் முட்டுப்படக் கூடாது என்றுதான் கட்டடத்தையே அப்படிக் கட்டியிருந்தார்கள். லிஃப்ட் நின்றதால் எங்கள் ஜட்ஜ் பொதுவழியால் நடந்து வந்தார். அவருக்குப் பின்னால் தேத்தண்ணி வண்டிலோடு நான்.

சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்த, எனக்குப் பழக்கமான மனோன்மணி எழும்பி வந்தாள். மிச்சம் என்கிற ஊரில் இருந்து விடியவே பஸ் எடுத்து வந்தவள். அவளுடைய ஒரே மகன் ரவிக்கு அன்று தீர்ப்பு. பெற்றோல் ஷெட்டில் வேலை செய்தபோது, காறித் துப்பிக் கேவலமாகப் பேசிய ஒருவனை அவன் டோர்ச்சால் அடித்ததில் அந்த ஆளின் தாடை உடைந்துவிட்டது. ரவி குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தான். அவனுடைய அகதி விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. மறியல் என்று தீர்ப்பு வந்து சிறைக்குப் போனால் நாட்டை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் தாய்க்கு.

ஆனாலும் அன்று அவள் முகத்தில் ஒரு தெளிவு இருந்தது. போன தவணை ஜட்ஜ் நன்னடத்தை அறிக்கை கேட்டுத் தள்ளி வைத்திருந்தார். இந்த ஜட்ஜ் அறிக்கை கேட்டால் அநேகமாக உள்ளே அனுப்பமாட்டார் என்று சொலிசிட்டர் அவளுக்குச் சொல்லியிருந்தார். நல்லது செய்கிறவரிடம் வெறுங்கையோடு போவது எங்கள் ஆட்களுக்கு வராது. டொக்டரிடமும் அப்படித்தான் போவோம், வாத்தியாரிடமும் அப்படித்தான். அவள் பயற்றம் பணியாரம் சுட்டு, ஐஸ்கிரீம் டப்பாவில் அடுக்கி, வெள்ளைத் துணியால் கட்டி எடுத்து வந்திருந்தாள்.

காலையில் வந்தவுடனே அதை முதலில் என்னிடம் தந்து பார்த்திருந்தாள்.

“அக்கா, நீங்கள்தானே அவருக்குத் தேத்தண்ணி குடுக்கிறனியள். இதையும் ஒருக்கா வையுங்கோவன்.”

“ஏலாது மனோ. அவர் ஒருத்தரிட்டையும் ஒண்டும் வாங்கமாட்டார்.”

“காசே குடுக்கிறன்? பலகாரம்தானே.”

நான் கையை எடுத்துக்கொண்டேன். அவளும் திரும்பிப் போய் வாங்கில் இருந்துவிட்டாள். ஜட்ஜ் பொதுவழியால் வருவார் என்று அப்போது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவரைக் கண்டதும் அவள் ஓடிப்போய்ப் பொதியைக் கையில் வைத்துக் கும்பிட்டாள். ஒரு பெண்பிள்ளை கண்ணீரோடு நீட்டியதை அவர் யோசிக்காமல் வாங்கிவிட்டார். “தாங்க் யூ” என்றும் சொன்னார். சுவரோரம் நின்ற அடிபட்டவனின் தமையன் அதைப் பார்த்துவிட்டான்.

“ஜட்ஜுக்கும் கறி வந்திட்டுதடா,” என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தான்.

ஜட்ஜின் முகம் வெளிறிப்போனது.

2. அவர் இருந்த விதம்

நான் அங்கே வேலைக்குச் சேர்ந்த காலத்தில்தான் அவரும் பாரிஸ்டராக இருந்து நீதிபதியாக வந்தார். லொயர்மாரோடு சேர்ந்து சாப்பிடமாட்டார். பழைய சிநேகிதர் ஒருவர் கிறிஸ்மஸுக்கு அனுப்பிய வைன் போத்தலையும் அப்படியே திருப்பி அனுப்பினார். அறையில் தனியே சான்ட்விச் சாப்பிட்டபடி கட்டுக்கட்டாகப் பேப்பர் வாசிப்பார். மறியல் தீர்ப்புச் சொன்ன நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு இருப்பார். நான் கோப்பை எடுக்கப் போனால், “மழை விட்டுவிட்டதா, மிஸஸ் செல்வம்?” என்று மட்டும் கேட்பார். எனக்கும் கதைக்கக் கூச்சம். ஊரில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதனால் எங்கள் இருவருக்கும் அது போதுமாக இருந்தது.

3. திறந்த கோர்ட்டில்

அன்று அவர் பொதியைப் பிரிக்கவேயில்லை. இரண்டு பக்க லொயர்மாரையும் வைத்துக்கொண்டு, நடந்ததைத் திறந்த கோர்ட்டில் தானே சொன்னார் என்று, வழக்குக்கு ஆட்களைக் கூப்பிடுகிற அஷர் வந்து சொன்னாள். இனித் தான் இரக்கம் காட்டினால் அது பலகாரத்துக்குக் காட்டிய இரக்கமாகிவிடும், காட்டாவிட்டால் அதற்குப் பயந்து தண்டித்ததாகிவிடும், இரண்டுமே அந்தப் பையனுக்கு நியாயமில்லை என்றாராம். வழக்கை வேறு நீதிபதியிடம் மாற்றினார்.

அந்த வேறு நீதிபதி ரவிக்கு இரண்டு வருடம் கொடுத்தார். கூண்டுக்குள் நின்ற மகனைப் பார்த்து மனோன்மணி அழவில்லை. வெளியே வந்து என் வண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

“அவருக்கு ஏன் அக்கா கோவம் வந்தது? நான் முறையாத்தானே குடுத்தனான்.”

“கோவமில்லை, மனோ.”

“கோவமில்லாட்டி ஏன் என்ர பிள்ளையைக் கைவிட்டவர்?”

கோர்ட்டின் முறையை நான் எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவளுக்கு அது ஏறவில்லை. பணியாரத்தில் ஏதோ பிழை, இல்லாவிட்டால் தான் கும்பிட்ட விதத்தில் பிழை என்றே நினைத்தாள். மறியல் முடிந்த கையோடு ரவியைக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அதன் பிறகு அவனிடமிருந்து அவளுக்கு ஒரு செய்தியும் வரவில்லை.

4. அவர் ஓய்வு பெற்ற நாள்

புத்தகங்களைப் பெட்டியில் அடுக்க நான் உதவினேன். அவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

“மிஸஸ் செல்வம், அந்தத் தாயின் மகன் எங்கே?”

“அனுப்பிப்போட்டாங்கள், சேர்.”

ஜன்னலை விட்டுத் திரும்பினார்.

“அறிக்கை நன்றாக இருந்தது. உள்ளே போடாமல் அவனைத் தாயோடு வீட்டுக்கு அனுப்பத்தான் இருந்தேன். வேறு வழி இருந்ததா என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்துவிட்டேன். இருக்கவில்லை.”

நான் பெட்டியை மூடினேன். பிழை செய்த ஒருவர் இருந்தால் அவரைத் திட்டியாவது ஆறலாம். இதில் நான் யாரைத் திட்டுவது?

கோர்ட்டு அனுபவத்தை எழுதித் தாருங்கள் என்று எங்கள் தமிழ்ச் சங்க மலர் போடுகிற பிள்ளைகள் கேட்டார்கள். சந்தோஷமான கதையை எதிர்பார்த்திருப்பார்கள். என்னிடம் இதுதான் இருக்கிறது. கோர்ட்டு வேலைக்குப் போகிற பிள்ளைகள், வாங்கில் காத்திருக்கிற எங்கள் சனத்திடம் போய்ச் சொல்லுங்கள். வழக்கு முடியும்வரை நீதிபதிக்கு நன்றி சொல்லக் கிட்டப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்பதையும் விளங்கும்வரை சொல்லுங்கள்.

ஓய்வு பெற்ற அன்று ஜட்ஜ் சொன்னதை நான் மனோன்மணியிடம் சொல்லவில்லை. வழியில் காணும்போதெல்லாம், “அவர் எப்பிடியும் உள்ளுக்குத்தான் போட்டிருப்பார், என்ன அக்கா?” என்று கேட்பாள். நான் “ஓம்” என்பேன். போன மாசி மாதம் அவள் செத்துப்போனாள். அதற்குப் பிறகுதான் இதை எழுதுகிறேன்.