பஸ் ஜன்னலில் கேட்ட பெயர்கள்

அண்ணா தொலைக்காட்சியில் செய்திக் கமராக்காரன். நான் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் நிருபர். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரே வீட்டில் இருந்தோம். ஆகவே சண்டைக்கு வெளியே ஆள் தேட வேண்டியிருக்கவில்லை.

"நீ எழுதி, அது அச்சாகி, விடியத்தான் வரும். நான் எட்டு மணிக்கே முழு நாட்டுக்கும் காட்டிப்போடுவன்" என்பான்.

"காட்டி என்ன? சோப்பு விளம்பரம் வந்த உடன சனம் மறந்திடும். போடா!" என்பேன்.

யுத்த காலத்தில் ஒருநாள் காலை வெள்ளவத்தையில் சுற்றிவளைப்பு. லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர்களைப் பொலிஸார் பிடித்து பஸ்ஸில் ஏற்றினார்கள். அண்ணா கமராவோடு முன்னால் ஓடினான். நான் ஜன்னல்களின் கீழே போய் நின்றேன். அது என் வழக்கம். நான் குறிப்புக் கொப்பியைத் திறந்தால் போதும், உள்ளே இருப்பவர்கள் பெயர், தகப்பன் பெயர், ஊர் என்று கத்துவார்கள். பஸ் புறப்பட்ட பிறகு கத்தியவள் ஒருத்தி. பஸ்ஸோடு ஓடி அவளையும் எழுதினேன். பிறகு ஓட்டோ பிடித்து, பஸ் எந்தப் பொலிஸ் நிலையத்துக்குள் நுழைகிறது என்று பார்த்துவிட்டுத்தான் அலுவலகம் திரும்பினேன்.

ஆசிரியர் பட்டியலைப் பார்த்து முகம் சுளித்தார். "இவ்வளவுக்கு இடமில்லை பிள்ளை. பலர் கைது எண்டு முடியுங்கோ."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பலர் எண்டு ஒருத்தருக்கும் பெத்தவை பெயர் வைக்கேல்லை சேர். ஒரு பெயரை வெட்டினாலும் நாளைக்கு நான் வரமாட்டன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒரு சினிமாப் படத்தைத் தூக்கிவிட்டு எல்லாப் பெயர்களையும் போட்டார். எந்த நிலையம் என்பதும் பஸ்ஸின் இலக்கமும் பட்டியலின் மேலேயே இருந்தன.

அடுத்த நாள் மதியம் மலையகத்திலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். தேயிலைத் தோட்டத் தொழிலாளி. கையில் எங்கள் பத்திரிகை. முதல்நாள் கடைத் தொலைக்காட்சியில், பஸ் ஜன்னலில் தன் மகளின் முகத்தைக் கண்டிருக்கிறார். அவள் வெள்ளவத்தையில் துணிக்கடையொன்றில் வேலை செய்தவள். பஸ் ஏறி கொழும்புக்கு வந்து இறங்கி, பத்திரிகை வாங்கித்தான் இடத்தை அறிந்திருக்கிறார்.

"ஸ்டேஷன்ல போய்க் கேட்டேன் அம்மா. அப்பிடி யாரும் இல்லேன்னு வெரட்டிட்டாங்க."

பொறுப்பேற்க ஆள் வராதவர்களைப் பின்னேரம் வேறு முகாம்களுக்கு அனுப்பிவிடுவார்கள். அதன்பிறகு கண்டுபிடிப்பது லேசில்லை.

"வாங்கோ ஐயா" என்று அவரையும் கூட்டிக்கொண்டு ஓடினேன்.

நிலையத்து அதிகாரி என்னிடமும் இல்லையென்றே சொன்னார். பத்திரிகையை அவர் மேசையில் விரித்தேன். அவளுடைய பெயர், தகப்பன் பெயர், தோட்டம் எல்லாவற்றையும் சிங்களத்தில் சத்தமாக வாசித்தேன். "இன்று காலையே ஊர் முழுக்க இதை வாசித்துவிட்டது, மாத்தயா" என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இலக்கத்துக்கு மொழி வேண்டுமா? என் விரல் பஸ் இலக்கத்தில் நின்றது. அவர் அதைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே நின்ற அதே பஸ்ஸைப் பார்த்தார், எழுந்து உள்ளே போனார்.

எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா! பரிசு வாங்கியிருந்தாலும் அப்படி நெஞ்சு நிமிர்ந்திருக்காது. அண்ணாவின் படம் இல்லாவிட்டால் அந்த மனிதர் தோட்டத்தை விட்டே புறப்பட்டிருக்கமாட்டார் என்பதும் உண்மைதான். அதை அவனிடம் ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷம் பிடித்தது.

தகப்பன் கையெழுத்து வைத்து மகளை வெளியே எடுத்தார். அவள் தகப்பனின் கையைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள். மேசையில் கிடந்த பத்திரிகையையும் என் கையிலிருந்த கொப்பியையும் மாறிமாறிப் பார்த்தாள். முதல்நாள் கத்தியதில் குரல் கம்மியிருந்தது.

"பஸ் போயிருச்சு, யாருக்கும் கேட்டிருக்காதுன்னு நெனச்சேன் அக்கா" என்றாள். "ஒங்களுக்குக் கேட்டுச்சா?"